குறிப்புப் பத்தியில் ஒரு நீர்க்கோழி

பம்ப்புக்காரருக்கு மெமோ வந்த செய்தி, அவர் அதைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவர் இருப்பது இலாகா கொடுத்த வீடு, நான் இருப்பது என் அப்பா கட்டிய வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். போதாததற்கு மிக்சி, குடை ரிப்பேர் என் தொழில். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவுக்குள் வருகிற எந்தக் கவரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இது பழுப்புக் கவர், மூலையில் முத்திரை. நல்ல செய்திக்கு இலாகா இவ்வளவு பசை செலவழிக்காது.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப்புக்காரர் மனைவி தையற்காரி. எங்கள் பகுதியில் பாதிப் பேர் உடம்பின் சுற்றளவு அவளுக்குத் தெரியும், ஒருத்தரிடமும் சொன்னதில்லை. என்னால் நினைத்துப் பார்க்க முடியாத குணம்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம்."

"எதுல?"

"அவங்களே டைப் அடிச்சு வெச்சிருக்காங்க. பேரைப் போட்டாப் போதும்."

"படிங்க."

"சாப்பிட்டுட்டுப் படிப்போமே."

"படிங்கன்னா."

அவர் படித்தார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற குரல். "பம்ப் நிலையப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் நான் எழுதியவை அனைத்தும் பணிக்குத் தொடர்பற்றவை, உண்மைக்குப் புறம்பானவை. கவனக்குறைவுக்கு வருந்துகிறேன். இனி எழுதமாட்டேன் என உறுதியளிக்கிறேன்."

தையல் மிஷின் நின்றது.

"எது புறம்பு?"

"எல்லாம்தான்."

"மீன்கொத்தி வந்தது பொய்யா?"

"வந்துச்சு."

"தவளை கத்தினது?"

"கத்துச்சு. இங்க பாரு, தவளைக்குச் சாட்சி சொல்லவா நான் சம்பளம் வாங்குறேன்? பேரைப் போட்டா முடிஞ்சுது."

"போடலைன்னா?"

"மாத்திருவாங்க. இந்த வீட்டைக் காலி பண்ணணும். பொண்ணு பத்தாவது. உன் கஸ்டமரெல்லாம் இங்கதான்."

நான் மிக்சி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன்.

"அந்த முப்பது நிமிஷமும் பொய்யின்னு ஆயிடுமா?"

"அதுதானே ஓவர்சியருக்கு வேணும். எல்லாம் பொய்யின்னா அதுவும் பொய். அவருக்கும் தலைவலி இல்லை, எனக்கும் இல்லை."

எந்த முப்பது நிமிஷம்? இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனை இப்படி நடுக்கிணற்றில் விடக்கூடாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பகுதி ஒரு கிண்ணத்தின் அடி மாதிரி. சுற்றிலும் மேடு. எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் எங்களைத் தேடி வந்துவிடும். தெருக்கோடியில் குட்டை, குட்டைக் கரையில் பம்ப் நிலையம். அங்கிருந்து இரண்டு பம்ப்புகள் தண்ணீரை இறைத்து மேட்டு வாய்க்காலுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் எங்கள் வீட்டுச் செருப்புகள் எல்லாம் கூடத்துக்குள் மிதந்து விருந்துக்கு வரும்.

பம்ப்புக்காரர் வேலை பார்ப்பதை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். பம்ப் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. அதில் ஆகாயத்தாமரை, பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு என்று வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். நீளக் கைப்பிடி வாரியால் இழுத்து இழுத்துக் கரையில் போடுவார். நடுவில் மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல. மணிக்கொரு தடவை பதிவேட்டில் எழுதுவார். நேரம், தொட்டி மட்டம், வோல்ட், ஆம்பியர். கடைசியில் ஒரு பத்தி, குறிப்பு. மற்ற நிலையங்களில் அதில் "நார்மல்" என்று எழுதி, கீழே வரிசையாக, 'மேற்படி' என்பதற்கு அடையாளமாக, ரெண்டு கோடு போட்டுக்கொண்டே போவார்கள். இவருக்குக் கோடு போடத் தெரியவில்லை. பார்த்ததை எழுதினார். பன்னிரண்டு வருஷமாக எழுதினார். இலாகாவில் பன்னிரண்டு வருஷமாக அதை யாரும் படிக்கவில்லை. ஒரு மனிதன் நிம்மதியாக எழுதுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இப்போது புதிதாக வந்த ஓவர்சியர் படித்துவிட்டார். அதுதான் வினை.

மறுநாள் காலை தையற்காரி என் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் டேப், உதட்டோரம் இரண்டு குண்டூசி.

"அண்ணே, சனிக்கிழமை வட்டத்துல என் முறைதானே?"

"ஆமா தங்கச்சி."

"இயற்கை எழுத்துதானே தலைப்பு?"

"அதேதான். என்ன புத்தகம் சொல்லப் போற?"

"பெரிய புத்தகம். போர்டு அட்டை. முதுகு நீலத்துணி."

"யார் எழுதினது?"

குண்டூசியை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போதே உள்ளங்கை அரித்தது.

எங்கள் வாசிப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூலகத்து மாடி அறை, மாதம் ஒரு சனிக்கிழமை, பதினோரு பேர். நான் சேர்ந்தது டீக்கும் பிஸ்கட்டுக்கும் என்று சிலர் சொல்வார்கள். பிஸ்கட்டுக்கு மட்டும்தான், டீ மட்டம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சுருக்கமாச் சொன்னா" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவார் என்பதால் அவருக்குச் சுருக்கம் சார் என்று பெயர். பெயர் வைத்தது யார் என்பது இங்கே தேவையில்லை.

வட்டத்தில் ஒரு விதி. அடுத்த மாதப் புத்தகத்தைப் பரிந்துரைப்பவர் தனக்குப் பிடித்த பக்கத்தைப் படிக்கக்கூடாது. மற்றவர்கள் கேட்கிற பக்கத்தைத்தான் படித்துக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒருவர் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்து முழுப் புத்தகத்தையும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். அதிலிருந்து இந்த விதி வந்தது. அந்த ஒருவர் யார் என்பதும் இங்கே தேவையில்லை.

சனிக்கிழமை தூறல். சுருக்கம் சார் முன்னதாகவே வந்து மேஜைமேல் தன் புத்தகத்தை வைத்திருந்தார். தையற்காரி சொல்வது தோற்றுப்போனால் மாற்று. வழவழத் தாள், பனிமலைப் படங்கள். யாரோ ஒருவர் யாருமில்லாத மலையில் ஒன்பது மாதம் தனியாக நடந்து, ஒன்பது மாதமும் தன்னைப் பற்றியே யோசித்த புத்தகம்.

தையற்காரி துணிப்பையோடு வந்தாள். தைத்த ரவிக்கைகளுக்கு அடியிலிருந்து நீலத்துணி முதுகு வைத்த அந்தப் பெரிய பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஈரக் காகிதமும் கிரீசும் சேர்ந்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

மருந்துக்கடைப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா, இது பம்ப் ஹவுஸ் ரிஜிஸ்டர்ல?"

"ஆமா. சாப்பாடு குடுக்கப் போனேன். எடுத்துட்டு வந்தேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

சுருக்கம் சார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "சுருக்கமாச் சொன்னா, இது புத்தகம் இல்லையேம்மா."

"ஏன் சார்?"

"அச்சடிக்கலை. பதிப்பகம் இல்லை. ஆசிரியர் பேரே இல்லை."

"எல்லாப் பக்கத்துலயும் அடியில கையெழுத்து இருக்கு சார். உங்க புத்தகத்துல ஒரு தடவைதான் பேரு இருக்கும். இதுல முன்னூறு தடவை."

ஜெராக்ஸ் கடைக்காரர் டீயில் புரையேறி இருமினார்.

"அது சரிம்மா. இயற்கை எழுத்துன்னா ஒரு இது வேணும். மலை, காடு, ஒரு தனிமை."

"மோட்டார் ஓடுறப்ப பக்கத்துல நின்னு பேசிப் பாருங்க சார், தனிமை தெரியும். நம்ம குட்டையில பறவை வருது, பாம்பு வருது, தவளை வருது. அதெல்லாம் என்ன, இயற்கையில சேராம நிக்குதா? நாம மூக்கைப் பொத்திட்டுப் போறோம், அதனால அது சாக்கடை. இவரு மூக்கைப் பொத்தலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

மருந்துக்கடைப் பெண் பன்னிரண்டாம் பக்கத்தைக் கேட்டாள். தையற்காரி படித்தாள். "மட்டம் நாலடி. வோல்ட் இருநூற்றுப் பத்து. குறிப்பு: மீன்கொத்தி இன்றும் அதே கம்பியில். ஒன்பது முறை பாய்ந்தது, ஒரு மீன். என் வேலையைவிடக் கஷ்டமான வேலை."

யாரோ சிரித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் எழுபதாம் பக்கத்தைக் கேட்டார். "மட்டம் மூன்றடி. குறிப்பு: மழை இல்லை. தட்டான்கள் தாழப் பறக்கின்றன. வாரியில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று வந்தது. இருவரும் பயந்தோம். அது முதலில் சுதாரித்தது."

அடுத்து நான் ஒரு பக்கம் கேட்டேன், அதற்கடுத்து இன்னொருவர். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிஸ்கட் தட்டை ஒருவரும் தொடவில்லை, நான் உள்பட. சுருக்கம் சார் மட்டும் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பக்கத்தைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. தையற்காரிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் விரல் ஏற்கெனவே ஒரு பக்கத்தின் ஓரத்தில் இருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால தெருவுக்குள்ள தண்ணி வந்ததே, அன்னைக்கு என்ன எழுதியிருக்காரு? அதைப் படிம்மா."

அந்த வெள்ளத்தில் சுருக்கம் சார் வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்துபோனது. அகராதிகள், கையால் எழுதிச் சேர்த்த குறிப்புகள், எல்லாம் கூழ். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் வலது கையின் நாலு விரலை ஒட்டவைத்துக் காட்டுவார். "நாலு விரல். நாலே நாலு விரல் தண்ணி. ஒரு வாழ்க்கை போச்சு."

அப்போதுதான் மாடிப்படியில் செருப்பில்லாத கால் சத்தம். பம்ப்புக்காரர். தலை நனைந்து, கையில் கிரீசு. அடுத்த ஷிப்ட்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி நிற்க வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"குடு அதை. வெளிய கொண்டு வரக்கூடாது. வேலை போயிடும்."

"உக்காருங்க. ஒரு பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

அவள் திருப்பிக் காட்டினாள். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "வேணாம். அதை மட்டும் வேணாம். சார் இருக்காரு."

"சார்தான் கேட்டாரு. விதி இருக்கு."

"திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் ஒண்ணுமில்லாமப் போயிடும். எதுக்கு இப்போ?"

"ஒண்ணுமில்லாமப் போகக்கூடாதுன்னுதான்."

நின்றுகொண்டே படித்தாள். துணியை அளக்கிற நிதானம், ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

"காலை ஐந்து நாற்பது. கனமழை. இரண்டாம் பம்ப் நிறுத்தம். தடுப்பில் ஆகாயத்தாமரை அடைப்பு. வாரி எறிந்தால் பத்து நிமிட வேலை. அடைப்பின் மேல் நீர்க்கோழிக் கூடு. முட்டை நாலு. தாய் எழுந்து போகவில்லை, என்னைக் கொத்தியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூடு இருந்த பகுதியை மட்டும் பாய் மாதிரி அறுத்து இழுத்துப்போய், கரைக் குழாயில் கயிறு கட்டினேன். ஆறு இருபதுக்குப் பம்ப் ஓட்டம். இதில் முப்பது நிமிடம்..."

இங்கே அவள் குரல் நின்றுவிட்டது. மிஷினில் நூல் அறுந்த மாதிரி.

கதவருகே நின்றிருந்த பம்ப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். புத்தகம் அவர் கையில் இல்லை.

"முப்பது நிமிடம் நான் எடுத்துக்கொண்டது. தெருவில் மூன்று விரல் ஏறியிருக்கும். என் பொறுப்பு."

நான் சுருக்கம் சாரைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம். அவர் தன் வலது கையை மேஜைமேல் வைத்து நாலு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு எளிது. நாலு விரலில் மூன்று பம்ப்புக்காரருடையது, ஒரு விரல்தான் மழையுடையது.

"என் அகராதி" என்றார்.

"ஆமா சார்" என்றாள் தையற்காரி. "உங்க அகராதி போச்சு. அதுக்கு என்ன கேட்டாலும் கேளுங்க, நாங்க தலைகுனிஞ்சு நிப்போம். ஆனா அன்னைக்கு யாரும் இவரைப் பாக்கலை. அடைப்பு எடுக்க நாப்பது நிமிஷம் ஆச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா மெமோவே வந்திருக்காது. இப்பக்கூட எழுதினது பொய்யின்னு ஒரு கையெழுத்துப் போட்டா வீடும் தங்கும், வேலையும் தங்கும். மாட்டோம். தப்புன்னு வேணா எழுதிக் குடுக்கறோம். பொய்யின்னு எழுதிக் குடுக்கமாட்டோம்."

"நீ ஏன் 'டோம் டோம்'ங்கற? கையெழுத்து நான்ல போடணும்" என்றார் பம்ப்புக்காரர், பாவமாக.

"போடுவீங்களா?"

அவர் கிரீசுக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அதான் எல்லார் முன்னாலயும் என் வாயாலயே சொல்லிட்டேனே. இனிமே எங்க போய்ப் பொய்யின்னு சொல்றது" என்றார்.

சுருக்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். ஒரு பெரிய பிரசங்கத்துக்கு எல்லாரும் தயாரானோம். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"முட்டை என்னாச்சு?" என்றார்.

"என்ன சார்?"

"அந்த நாலு முட்டை. அப்புறம் என்னாச்சு?"

தையற்காரி பதிவேட்டைப் பட்டென்று மூடினாள். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"புத்தகத்தைத் தேர்ந்தெடுங்க சார். படிச்சுத் தெரிஞ்சுக்கங்க."

மருந்துக்கடைப் பெண் கை தூக்கினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றை இறக்கச் சொன்னோம். நான் தூக்கினேன். பரிந்துரைப்பவருக்கு ஓட்டுக் கிடையாது, மீதிப் பத்துக் கைகளில் ஒன்பது மேலே நின்றன. சுருக்கம் சார் தன் பனிமலைப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு நாலு விரலையும் விரித்துக் கையைத் தூக்கினார். "சுருக்கமாச் சொன்னா" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வட்டத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை.

அடுத்த கவலை பிரதி. ஜெராக்ஸ் கடைக்காரர் அப்போதே போய் ஷட்டரைத் தூக்கினார். பம்ப்புக்காரர் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று, "முதுகை அழுத்தாதீங்க தம்பி, தையல் விட்டுரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பிரதி. முன்னூறு பக்கத்தைப் பத்துப் பங்காக்கி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். படித்ததும் அடுத்த வீட்டுக்குக் கைமாற்ற வேண்டும். வெள்ளத்துக்கு அடுத்த நாட்கள் இருந்த பங்கு நியாயமாக என் கைக்கு வந்தது. சுருக்கம் சார் அதை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, ஜனவரி மாதத்தை என்னிடம் திணித்துவிட்டுப் போனார். ஜனவரியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கொக்கு வந்து நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அது வரவில்லை என்று எழுதியிருந்தபோது எனக்கு ஏன் சங்கடமாக இருந்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஓவர்சியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் தற்செயலாகப் பம்ப் நிலையத்துக் கெட்டிலைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கெட்டிலுக்கு ஒன்றுமில்லை.

"லெட்டர் எங்க? கையெழுத்துப் போட்டீங்களா?"

"வேற லெட்டர் எழுதியிருக்கேன் சார்."

இரண்டே வரி. வெள்ளத்தன்று முப்பது நிமிடம் தாமதித்தது என் தவறு, அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். குறிப்புப் பத்தியில் எழுதியவை அனைத்தும் உண்மை.

ஓவர்சியர் இரண்டு தடவை படித்தார். சின்ன வயசு, கோபம்கூட முகத்தில் சரியாக உட்காரவில்லை. "உங்களைக் காப்பாத்தத்தானே நான் அப்படி டைப் பண்ணினேன்? ரிஜிஸ்டரைக் குடுங்க. நானே எடுத்துட்டுப் போறேன்." புரட்டியவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். வாய்விட்டே படித்தார். "சனி, மாலை நாலு பத்து. பதிவேடு வாசிப்பு வட்டத்துக்குச் சென்றது. எட்டு ஐந்துக்குத் திரும்பியது. நனையவில்லை. பத்துப் பேர் கை தூக்கினார்கள்... இதையும் எழுதி வெச்சிருக்கீங்க?"

"நடந்துச்சு சார்."

"வெளிய எடுத்துட்டுப் போனதே தனிக் குற்றம், தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் நேரம் போட்டேன்."

"காப்பி எடுத்தீங்களா?"

இந்த இடத்தில் நான் குறுக்கே பேசியிருக்கக்கூடாது. ஆனால் கெட்டிலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? "ஒரு காப்பிதான் சார். பத்து வீட்டுல பத்துத் துண்டா இருக்கு. ஜனவரி என்கிட்ட" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கெட்டில் தானாகக் கொதித்திருக்கும். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மாற்றல் உத்தரவு இன்றுவரை வரவில்லை. நாளைக்கு வரலாம். பம்ப்புக்காரர் வீட்டு அட்டைப் பெட்டிகள் கட்டிலுக்கடியில் தயாராக இருக்கின்றன. தையற்காரி கஸ்டமர்களிடம் தைக்கப் புதுத் துணி வாங்குவதை நிறுத்தவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சுருக்கம் சார் கைத்தடியோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். அவர் நடந்து இவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை. பம்ப்புக்காரர் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் என் ஸ்டூல்.

சார் வழக்கமான அந்த நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு சுண்டுவிரலை மெல்ல மடக்கினார். மூன்று விரல்கள் நின்றன.

பம்ப்புக்காரர் தலையை ஆட்டினார். "ஒண்ணு பொரிக்கலை சார்."

"படிச்சேன். மூணும் தாய்க்குப் பின்னால வரிசையாப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. எந்தப் பக்கமாப் போச்சுன்னு எழுதலை."

"நாணல் பக்கம் சார்."

"அதையும் எழுதணும் தம்பி" என்று கடிந்துகொண்டு திரும்பிப் போனார். அகராதியைப் பற்றிப் பேசவில்லை. மன்னித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். தெரு முனையில் நின்று குட்டைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான் தெரிந்தது.

புதன்கிழமை இலாகாவிலிருந்து புதுப் பதிவேடு வந்தது. புதிதாக அச்சடித்தது. நேரம், மட்டம், வோல்ட், ஆம்பியர். அதோடு சரி. குறிப்புப் பத்தியே இல்லை. பம்ப்புக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளியே எடுத்துவருவது இப்போது பழகிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை நான் சுவரை நம்பவில்லை, வாசல் வழியாகவே போய் நின்றேன்.

தையற்காரி கத்தரிக்கோலை ஓரமாக வைத்தாள். பதிவேட்டைத் தையல் மேஜையில் விரித்து, கைகளால் நீவி, துணி வெட்டுகிற மர ஸ்கேலை எடுத்து ஆம்பியருக்கு வலப்பக்கம் வைத்தாள்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

"பழையதுல ரெண்டு அங்குலம் இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் ஸ்கேலை மூன்று அங்குலத்துக்கு நகர்த்தி, முதல் பக்கத்தில் கோடு இழுத்தாள்.